தனிம அட்டவணை ஒப்பிப்பதற்கு அன்று, உறவறிவதற்கு



அண்மைக் காலமாகப் பள்ளி நிகழ்ச்சிகளிலும் கைப்பேசிக் காணொலிகளிலும் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று மேடையேறி, ஹைட்ரஜனில் தொடங்கி ஒகனெசன் வரைக்கும் 118 தனிமங்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அவையோர் கைதட்டுவர். பரிசும் கிடைக்கும். அப்பிள்ளையின் நினைவாற்றலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும், கைதட்டல் ஓய்ந்த பிறகு, “சோடியத்திற்குக் கீழே பொட்டாசியத்தை ஏன் வைத்தார்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை வராது. ஏனெனில் அந்தக் கேள்வியை அப்பிள்ளையிடம் யாரும் கேட்டதே இல்லை.

தனிம அட்டவணையை ஒரு நீண்ட பெயர்ப்பட்டியலாகக் கற்பிப்பது, அதன் உயிரை எடுத்துவிட்டு எலும்புக்கூட்டைக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. அட்டவணை சொல்வது பெயர்களை அன்று, உறவுமுறையை. எது எதற்கு உறவு, எந்தத் திசையில் சென்றால் எந்தப் பண்பு கூடும், எது குறையும் என்பதே அதன் செய்தி. அந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் பக்குவத்தைத் தொடக்கப்பள்ளியிலேயே, அதுவும் தமிழிலேயே, நம் பிள்ளைகளுக்கு ஊட்ட முடியும். அதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

“தனிம அட்டவணை தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்திலேயே இல்லையே, நமக்கேன் இந்தக் கவலை?” என்று சக ஆசிரியர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால், கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் படிவம் ஒன்று அறிவியலின் ஆறாம் இயலே தனிம அட்டவணை. பிறகு படிவம் நான்கு வேதியியலில் அதற்கென மீண்டும் ஓர் இயல் உண்டு. ஆறாண்டுகள் தமிழில் அறிவியல் பயின்ற பிள்ளை, தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிய முதல் ஆண்டிலேயே, வேறொரு மொழியில் இந்த அட்டவணையை எதிர்கொள்கிறது. அங்கே தடுக்கி விழுந்தால், “எனக்கு வேதியியல் வராது” என்ற எண்ணம் பதின்மூன்று வயதிலேயே வேரூன்றிவிடும். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் துணிவு அதோடு போய்விடும். ஆகவே, இது நம் கவலையும்தான்.

நம் பிள்ளை ஏற்கெனவே அறிந்த அட்டவணை

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அட்டவணை என்பது புதிதன்று. முதலாம் ஆண்டிலேயே வகுப்பறைச் சுவரில் உயிர்மெய் எழுத்து அட்டவணை தொங்குகிறது. மேலே பன்னிரண்டு உயிர். பக்கவாட்டில் பதினெட்டு மெய். இடையில் 216 கட்டங்கள். ஒரு வரிசையில் உள்ளவை அனைத்தும் ஒரே மெய்யின் பிள்ளைகள். ஒரு நெடுக்கில் உள்ளவை அனைத்தும் ஒரே உயிரைப் பெற்றவை. க, கா, கி என்று பழகிய பிள்ளைக்கு ‘ம்’ என்ற மெய்யைக் காட்டிவிட்டால், ‘மி’ எப்படி ஒலிக்கும் என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டத்தின் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ‘ஙௌ’ என்ற எழுத்து எந்தச் சொல்லிலும் வந்து நாம் பார்த்ததில்லை. ஆயினும் அதற்கோர் இடம் உண்டு. அதை ஒலிக்கவும் முடியும்.

இன்னும் ஒன்று. வல்லின எழுத்துகளின் வரிசையைக் கவனியுங்கள். க, ச, ட, த, ப. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துப் பாருங்கள். ஒலி பிறக்கும் இடம் தொண்டைப் பக்கத்தில் தொடங்கி, அண்ணத்தின் வழியாகப் பல்லுக்கு வந்து, இதழில் முடிகிறது. அதாவது, இவ்வரிசை தற்செயலாக அமைந்தது அன்று. ஒரு பண்பு படிப்படியாக மாறும் ஒழுங்கில் எழுத்துகளை அடுக்கியிருக்கிறார்கள்.

தனிம அட்டவணையும் இதே அறிவின் மற்றொரு வடிவம்தான். இடமிருந்து வலமாகச் செல்லும் ஏழு வரிசைகளுக்குத் தொடர்கள் என்று பெயர். மேலிருந்து கீழாக இறங்கும் பதினெட்டு நெடுக்குகளுக்குத் தொகுதிகள் என்று பெயர். ஒரு தொகுதியில் இருப்பவை ஒரே குடும்பத்தவை, குணம் ஒத்தவை. ஒரு தொடரில் நகர நகரக் குணம் படிப்படியாக மாறும். உயிர்மெய் அட்டவணையை ஏன் அப்படி அடுக்கினார்கள் என்று புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தனிம அட்டவணையின் வாசல் பாதி திறந்துவிட்டது.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிர்மெய் அட்டவணை சீரான செவ்வகம். தனிம அட்டவணையோ ஏறி இறங்கும் கோட்டைச் சுவர் போன்றது. அதன் தொடர்களில் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 தனிமங்கள் உள்ளன. ஹைட்ரஜன் முதல் தொகுதியின் தலையில் அமர்ந்திருந்தாலும் அது உலோகக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இயற்கை நம் வசதிக்காகச் செவ்வகமாக இருப்பதில்லை.

பெயர் வரிசையில் அடுக்கக்கூடாதா?

இந்த உறவுமுறை ஒரே நாளில் கண்டறியப்பட்டதன்று. 1829ஆம் ஆண்டில் ஜெர்மானியரான டோபரைனர், குணம் ஒத்த தனிமங்கள் மும்மூன்றாக அமைவதைக் கண்டார். லித்தியத்தின் அணு எடை ஏறக்குறைய 7, பொட்டாசியத்தினுடையது 39. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 23. அதுவே இடையில் உள்ள சோடியத்தின் அணு எடை! நான்காம் ஆண்டுப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது.

1865ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த நியூலண்ட்ஸ், தனிமங்களை எடை வரிசையில் அடுக்கினால் ஒவ்வோர் எட்டாவது தனிமமும் முதலாவதை ஒத்திருப்பதாகச் சொன்னார். ச, ரி, க, ம, ப, த, நி என ஏழு சுரங்களைக் கடந்து மீண்டும் ‘ச’ வருவதைப் போல என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். மறு ஆண்டு இலண்டன் வேதியியற் கழகத்தில் இதை அவர் விளக்கியபோது, “பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?” என்று ஒருவர் கேலியாகக் கேட்டாராம். அன்று கேலிக்காகச் சொன்னதை இன்று நாம் மெய்யாகவே செய்துகொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காரணம் தெரியாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அகர வரிசையும் அணு எண் வரிசையும் ஒன்றுதானே?

1869ஆம் ஆண்டில் ரஷ்யரான மெண்டலீவ் வந்தார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63 மட்டுமே. அவற்றை எடைப்படியும் குணத்தின்படியும் அடுக்கியபோது சில இடங்கள் பொருந்தவில்லை. அங்கே அவர் தனிமங்களை வலிந்து திணிக்கவில்லை. கட்டங்களைக் காலியாக விட்டார். “இங்கே இருக்க வேண்டியது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை” என்றார். அத்துடன் நில்லாமல், 1871இல் அந்தக் காலியிடங்களுக்குரியவை எப்படியிருக்கும் என்றும் எழுதிவைத்தார். அவற்றுக்கு அவர் இட்ட தற்காலிகப் பெயர்கள் ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான், ஏக-போரான் என்பன. ‘ஏக’ என்பது நாம் அறிந்த வடசொல். ‘ஒன்று’ என்று பொருள். அலுமினியத்திற்கு ஓரிடம் கீழே என்பதே கருத்து.

1875இல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த புவாபோத்ரான் அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆயினும், ‘அது 5.9க்கு அருகில் இருக்க வேண்டும்; தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாருங்கள்’ என்று தெரிவித்தார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது! கட்டத்தின் இடம் பேசிய பேச்சு அது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் கிடைத்து, எஞ்சிய இரண்டு காலியிடங்களையும் நிரப்பின.

நம் பாடத்திட்டத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்றெல்லாம் நாம் பாடக்குறிப்பில் எழுதுகிறோம். மெண்டலீவ் செய்தது வேறென்ன? மனப்பாடம் செய்பவருக்கு அட்டவணையில் காலியிடம் இருந்தால் அது மறதி. சிந்திப்பவருக்கோ அது கேள்வி.

மெண்டலீவின் அட்டவணையிலும் சிக்கல் இருந்தது. டெலூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி அயோடின்தான் முன்னே வர வேண்டும். குணமோ மாற்றிச் சொன்னது. மெண்டலீவ் குணத்தையே நம்பி டெலூரியத்தை முன்னே வைத்தார். அவர் செய்தது சரி என்பது 1913இல்தான் விளங்கியது. மோஸ்லி என்ற இளம் ஆய்வாளர், வரிசையைத் தீர்மானிப்பது எடை அன்று, அணுக்கருவில் உள்ள மின்னேற்றமே என்று கண்டறிந்தார். அதையே இன்று அணு எண் என்கிறோம். டெலூரியம் 52, அயோடின் 53. மோஸ்லி 1915இல், முதல் உலகப் போரில், 27 வயதில் கலிப்போலியில் உயிரிழந்தார். அந்த டெலூரியம் ஏதோ தொலைதூரப் பொருள் என்று எண்ண வேண்டா. நம் கூலிமில் உள்ள ஆலையில் உருவாகும் சூரியத் தகடுகளில் காட்மியத்தோடு சேர்ந்திருப்பது அதுதான்.

ஒரு நெடுக்கில் நம் நாட்டு வரலாறு

குடும்பம் என்றால் என்ன என்பதை விளக்க, 14ஆம் தொகுதி ஒன்றே போதும். மேலிருந்து கீழாகக் கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், ஈயம்.

கார்பன் நம் பாட்டிமாரின் அடுப்புக்கரி. வெள்ளீயம் என்பது மலாய்மொழியில் ‘தீமா’. மலாயாவுக்கு வணிகர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் ஈர்த்த உலோகம் அது. ஈயம் வாகன மின்கலத்தினுள் இருப்பது. சிலிக்கானோ, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு உயிர்நாடி. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அங்கே பணி முறை மாற்றத்தில் வேலை செய்கின்றனர். 2024ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்ட புதிய ஆலையொன்றில் சிலிக்கான் கார்பைடு சில்லுகள் உருவாகின்றன. பெயரைப் பாருங்கள்: இத்தொகுதியின் முதல் இரண்டு உறுப்பினர்களும் கைகோத்த பொருள் அது.

இந்த ஐந்தும் ஏன் ஒரே குடும்பம்? ஐந்துக்கும் வெளிக்கூட்டில் நான்கே எலக்ட்ரான்கள். வேதியியலில் ஓர் அணு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் வெளிக்கூடுதான் தீர்மானிக்கிறது. எனவே இவற்றின் நடத்தையில் ஒரு குடும்பச் சாயல் உண்டு. ஆனால் ஐந்தும் ஒன்றுபோல் இல்லையே என்றால், அதற்கும் காரணம் உண்டு. கீழே இறங்க இறங்க அணுவில் கூடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து விலகிச் செல்கின்றன, பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது எளிது. விட்டுக்கொடுப்பதே உலோகத்தின் குணம். ஆகவேதான் மேலே இருக்கும் கார்பன் அலோகமாகவும், கீழே இருக்கும் வெள்ளீயமும் ஈயமும் உலோகங்களாகவும், நடுவில் இருக்கும் சிலிக்கானும் ஜெர்மானியமும் இரண்டும் கெட்டானாகவும் இருக்கின்றன. அந்த இரண்டும் கெட்டான் தன்மைதான் மின்சாரத்தைத் தேவைக்கேற்பக் கடத்தவும் தடுக்கவும் உதவுகிறது. கணினிச் சில்லு பிறந்தது அங்கேதான்.

இனி இடமிருந்து வலமாகச் செல்வோம். மூன்றாம் தொடரில் சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான் என எட்டுத் தனிமங்கள். இங்கே கூடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. அணுக்கருவின் மின்னேற்றமோ ஒவ்வொன்றாகக் கூடுகிறது. கரு இறுக்கிப் பிடிக்கிறது, அணு சிறுக்கிறது. விட்டுக்கொடுக்கும் குணம் குறைந்து, பறித்துக்கொள்ளும் குணம் வளர்கிறது. இடக்கோடியில் இருக்கும் சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது. வலப்பக்கத்துக் குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கத் துடிக்கிறது. தண்ணீர் பட்டாலே சீறும் உலோகம் ஒன்று, நச்சுவாயு மற்றொன்று. இரண்டும் கொண்டு கொடுத்துச் சம்பந்தம் செய்துகொண்டால் கிடைப்பது, கோலா கெடா கருவாட்டில் படிந்திருக்கும் உப்பு! ஆர்கானோ யாரிடமும் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை. அதன் கூடு நிறைந்துவிட்டது.

இந்த ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு எதிரெதிரான இரண்டு செய்திகளை விளக்கலாம். முதல் தொகுதியில் கீழே செல்லச் செல்ல வீரியம் கூடுகிறது. லித்தியத்தைவிடச் சோடியமும் சோடியத்தைவிடப் பொட்டாசியமும் தண்ணீரில் வேகமாக வினைபுரியும். 17ஆம் தொகுதியிலோ கீழே செல்லச் செல்ல வீரியம் குறைகிறது. புளோரின் மிகக் கடுமை, அயோடின் மிக மிதம். கொடுப்பவருக்குப் பிடி தளர்வது நன்மை; வாங்குபவருக்கு அதுவே குறை. இவ்வளவுதான். இதை அறியாத மாணவர் இரண்டு விதிகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்து, தேர்வு நாளில் இடம் மாற்றி எழுதிவிட்டு வருவார்.

பெயர் மாறும், இடம் மாறாது

நம் பெற்றோர்களின் பேரச்சம் மொழி பற்றியது. தமிழில் அறிவியல் படித்தால் இடைநிலைப்பள்ளியில் பிள்ளை திண்டாடும் என்ற எண்ணம் பல காலமாக நிலவுகிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் இதே அச்சம் மேலெழுந்தது.

தனிம அட்டவணை இந்த அச்சத்திற்குச் சிறந்த மருந்து என்பேன். தமிழ்நாட்டில் அதைத் தனிம வரிசை அட்டவணை என்கின்றனர். இலங்கையில் ஆவர்த்தன அட்டவணை. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி நூலில் ‘உயிர்வளி’ என்று இருப்பது, இலங்கையில் ‘ஒட்சிசன்’, தமிழ்நாட்டில் ‘ஆக்சிஜன்’, மலாயில் ‘ஒக்சிகென்’. பெயர் நான்கு, கட்டம் ஒன்றுதான். எட்டாம் எண், இரண்டாம் தொடர், 16ஆம் தொகுதி. கட்டத்தை அறிந்த பிள்ளையை எந்த மொழியும் அச்சுறுத்தாது.

மேலும், மலாய்க் கலைச்சொற்கள் நம் பிள்ளைக்கு அவ்வளவு அந்நியமானவையும் அல்ல. தனிம அட்டவணைக்கு மலாயில் ‘ஜடுவால் பெர்காலா’ என்று பெயர். தொடருக்குக் ‘காலா’ என்று பெயர். இரண்டிலும் இருப்பது நம் ‘காலம்’ என்ற சொல்லின் உறவே. உலோகத்திற்கு ‘லோகாம்’. தாமிரத்திற்குத் ‘தெம்பாகா’. இவற்றை ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பாடவேளையில் அறிமுகப்படுத்திவிடலாமே! படிவம் ஒன்றில் நுழையும் நாளில் அவை தெரிந்த முகங்களாக இருக்குமல்லவா?

மலாய்மொழி தரும் இன்னொரு நன்மையும் உண்டு. சோடியத்தின் குறியீடு என்.ஏ.; பொட்டாசியத்தின் குறியீடு கே. ஆங்கிலப் பெயரோடு இவை பொருந்தாமல் மாணவர்கள் குழம்புவர். மலாயில் சோடியத்தை ‘நத்ரியம்’ என்றும் பொட்டாசியத்தைக் ‘காலியம்’ என்றும் வழங்குகின்றனர். குறியீடு பிறந்த இலத்தீன் பெயர்கள் அவையே. நெல்வயலிலும் செம்பனைத் தோட்டத்திலும் கிடக்கும் உரமூட்டையின் மேல் என், பி, கே என்று மூன்று எழுத்துகள் இருக்கும். கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது என்று மலாய் அறிந்த பிள்ளைக்கு எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மெண்டலீவ் முன்னறிந்த உலோகமும் ‘காலியம்’. மலாயில் பொட்டாசியமும் ‘காலியம்’. முதலெழுத்தின் ஒலி வேறு. ஆனால் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இரண்டும் நான்காம் தொடரில்தான் உள்ளன. ஒன்று முதல் தொகுதி, அணு எண் 19. மற்றொன்று 13ஆம் தொகுதி, அணு எண் 31. முன்னது தண்ணீரில் தீப்பற்றும். பின்னது 29.8 பாகையில் உருகும். நம் கெடா வெயிலில் நிழலில் வைத்தாலே நீராகிவிடும். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இவ்விரண்டும் ஒன்று. இடத்தை அறிந்தவருக்கு இவை வெவ்வேறு.

தமிழில் வேதியியல் சொல்ல முடியுமா என்ற ஐயம் உள்ளோர்க்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால், ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் தமிழில் 1875இல் வெளிவந்தது. காலியம் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு! நாம் புதிதாக எதையும் தொடங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.

அறியாமைக்கு விலை உண்டு

அட்டவணையின் அடியில் தனியாக இரண்டு வரிசைகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒப்பிக்கும் பிள்ளைகள் மிக விரைவாகக் கடக்கும் பகுதி அது. மேல்வரிசையில் உள்ள லாந்தனம் முதலான 15 தனிமங்களும், ஸ்காண்டியம், இட்ரியம் என்ற இரண்டும் சேர்ந்தவையே அரிய மண் தனிமங்கள். காந்தங்களுக்கும் மின்வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் அவை தேவைப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் நம் மாநிலத்துச் சிக் வட்டாரத்தில் அரிய மண் சட்டத்திற்குப் புறம்பாகத் தோண்டப்படுவது பற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்தன. செய்தியைப் படித்த நம்மில் எத்தனை பேருக்கு அது என்னவென்று விளங்கியது?

அவை ஏன் அடியில் தனித்து நிற்கின்றன? அவ்வரிசையில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் உட்கூட்டில்தான் சேர்கின்றன; வெளிக்கூடு ஏறத்தாழ மாறுவதில்லை. ஆகவே 15 தனிமங்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒத்த குணம் உடையவை. குணம் ஒத்திருப்பதால் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிப்பது மிகக் கடினம். திரும்பத் திரும்ப அமிலமும் கரைப்பான்களும் தேவை. சில தாதுக்களில் கதிரியக்கம் உடைய தோரியமும் உடன் வரும். பேராக், புக்கிட் மேராவில் 1980களில் இயங்கிய ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து அங்குள்ள மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993 இறுதியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 1994இல் அந்த ஆலையை மூடும் முடிவு வந்தது.

சுரங்கம் வேண்டுமா வேண்டாவா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் ஆற்றுக்கு மேலே ஒரு மலையைத் தோண்டலாமா என்று நாளை ஒரு கூட்டத்தில் கேட்கும்போது, நம் பிள்ளைகள் அங்கே கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாக அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு 118 பெயர்கள் உதவா. ஏன் பிரிப்பது கடினம், பிரிக்க என்னென்ன ஊற்றுவார்கள் என்று கேட்கும் அறிவே உதவும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்கு:

1. பெயர்களில் தொடங்காதீர். அட்டைகளில் தொடங்குங்கள். பன்னிரண்டு தனிமங்களை எடுத்து, ஒவ்வோர் அட்டையிலும் அணு எடை, நிறம், திண்மமா நீர்மமா வாயுவா, மின்சாரம் கடத்துமா, தண்ணீரில் என்ன ஆகும் என்று எழுதுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். மாணவர்களே குடும்பம் பிரிக்கட்டும்.

2. ஓர் அட்டையை ஒளித்துவைத்து, அதை முன் அனுமானிக்கச் சொல்லுங்கள். முதல் தொகுதியின் உருகுநிலைகள்: லித்தியம் 181, சோடியம் 98, பொட்டாசியம் 64, அடுத்தது ருபீடியம், அதன்பின் சீசியம் 28. ருபீடியத்திற்கு என்னவாக இருக்கும்? சராசரி காண்பவர் 46 என்பார். இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தவர் இன்னும் குறைத்துச் சொல்வார். உண்மை விடை 39. அன்று வகுப்பில் நடப்பது அறிவியல்.

3. விலக்குகளை மறைக்காதீர். அதே தொகுதியில் கீழே செல்ல அடர்த்தி பொதுவாகக் கூடும். ஆனால் சோடியம் 0.97, பொட்டாசியம் 0.86. விதி தடுமாறும் இடத்தில்தான் நல்ல மாணவன் விழித்துக்கொள்கிறான்.

பெற்றோர்களுக்கு:

பிள்ளை ஒப்பித்தால் மகிழுங்கள். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். “இது எதற்கு உறவு?” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் ஆலையில் பணிபுரிபவராயின், அங்கே கையாளப்படும் பொருளின் பெயரை வீட்டில் சொல்லுங்கள். அட்டவணையில் அதன் கட்டத்தைப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அண்டை வீட்டார் யார், மேலே யார், கீழே யார் என்று பாருங்கள்.

நினைவாற்றலே வேண்டா என்று நான் சொல்லவில்லை. முதல் இருபது தனிமங்களை வரிசையாக அறிந்திருப்பது படிவம் நான்கில் மிகவும் பயன்படும். உயிர்மெய் எழுத்துகளையும் நாம் மனப்பாடமாகத்தான் கற்றோம். ஆனால், எழுத்துகளை ஒப்பித்ததோடு யாரும் நம்மை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை. அவற்றைக் கொண்டு சொற்களை வாசிக்கக் கற்றுத்தந்தார்கள். தனிமங்களுக்கும் அந்த இரண்டாம் படியைக் கட்டித் தருவது நம் கடமை. ஆறாம் ஆண்டின் இறுதியில், ஒருசில பாடவேளைகளை ஒதுக்கினால் போதும்.

இவ்வாண்டு இறுதித் தேர்வு முடிந்த பின், பன்னிரண்டு வெற்று அட்டைகளோடு வகுப்புக்குச் சென்று பாருங்கள்.